கேள்வி - பதில்: 1861 தங்கக் காசு

கேள்வி: அமெரிக்க உள்நாட்டுப் போர்க் காலத்து 20 டாலர் தங்கக் காசு ஒன்று விலைக்கு வந்திருக்கிறது. 1861ஆம் வருடம், கழுகின் வாலுக்குக் கீழே ‘ஓ’ எழுத்து உண்டு. கிருஷ்ணகிரி நகைக்கடையில் உரசிப் பார்த்து அசல் என்றார்கள். வாங்கலாமா?
- வாசகர், காவேரிப்பட்டணம்

பதில்: கடைக்காரர் சொன்னது தங்கத்துக்குத்தான், காசுக்கு இல்லை. உரைகல்லில் உரசியதே நஷ்டம். அந்தக் கீறல் இனிப் போகாது. இந்தக் காசு 90 டச் (நூற்றுக்கு 90 பங்கு தங்கம்), எடை 33.436 கிராம், விட்டம் 34 மி.மீ. நாலு பவுனுக்குக் கொஞ்சம் மேலே. நூலில் கட்டித் தண்ணீரில் தொங்கவிட்டு எடை போட்டால் சுமார் 1.94 கிராம் குறையும். அதைவிட அதிகமாகக் குறைந்தால் மாற்றுக் குறைவு. சரியான தங்கத்திலேயே அடித்த போலி இதில் தேறிவிடும்.

விலையெல்லாம் அந்த ‘ஓ’வில் இருக்கிறது. அது நியூ ஆர்லியன்ஸ் நாணயச்சாலையின் அடையாளம். 1861இல் பிலடெல்பியாவில் அடித்தது 29 லட்சத்துக்கும் மேல். அதில் எழுத்தே கிடையாது. நியூ ஆர்லியன்ஸில் அடித்தது மொத்தம் 17,741. அந்த வருடம் நாணயச்சாலை கை மாறியதால் மூவர் அடித்தார்கள்: ஒன்றிய அரசு 5,000, லூசியானா மாநிலம் 9,750, பிரிந்துபோன தென் மாநிலங்களின் கூட்டமைப்பு 2,991. மூவரும் பயன்படுத்தியது ஒன்றிய அரசின் அச்சுகளையே என்பதால் காசில் கூட்டமைப்பின் பெயரைத் தேடாதீர்கள். எழுத்தில்லாத காசில் ‘ஓ’வை ஒட்டி விற்பதுதான் வழக்கமான மோசடி. 10 மடங்கு லென்ஸில் காசைச் சாய்த்துப் பாருங்கள். எழுத்தின் அடியில் மெல்லிய கோடோ, நிற மாற்றமோ, சுற்றிலும் சுரண்டிய தடமோ தெரிந்தால் விட்டுவிடுங்கள். மேல் விளிம்பையும் பாருங்கள். காசுமாலைக்கு வளையம் பற்றவைத்து எடுத்திருந்தால் அங்கே பொடி (பற்றாசு) வைத்த தடம் இருக்கும்.

வாங்கிய பிறகு அமெரிக்காவுக்கு அனுப்பித் தரச்சான்று வாங்கலாம் என்று கணக்குப் போடாதீர்கள். 1972ஆம் வருடச் சட்டப்படி 100 ஆண்டு தாண்டிய நாணயம் தொல்பொருள். தனியார் வெளிநாட்டுக்கு அனுப்ப முடியாது. நாணயங்களுக்குத் தரச்சான்று தரும் அமெரிக்க நிறுவனங்களான பிசிஜிஎஸ் அல்லது என்ஜிசியின் பெட்டியில் சீலிட்டு வந்ததையே வாங்குங்கள். சான்று எண்ணை அவர்கள் இணையதளத்தில் போட்டு, அங்குள்ள படத்தோடு காசின் கீறல்களை ஒவ்வொன்றாக ஒப்பிடுங்கள். பெட்டியிலும் போலி வருகிறது.

கேள்வி: பழைய தங்கக் காசில் செம்பு நிறப் புள்ளி. புளி போட்டுத் துலக்கலாமா?
- வாசகி, பாலக்கோடு

பதில்: கூடவே கூடாது. அது கலவையிலுள்ள செம்பு கறுத்தது. துலக்கினால் மேற்பரப்பு தேய்ந்து விலை இறங்கும். வளையும் பிவிசி உறையில் வைத்துப் பச்சைப் பிசுக்கு படிந்திருந்தால் மட்டும் சுத்தமான அசிட்டோனில் முக்கி எடுத்து, துடைக்காமல் உலரவிடுங்கள். அடுப்பு பக்கத்தில் எரியக் கூடாது.