உலகமயமாக்கல் எண்ணூர், காசிமேடு பக்கம் என்ன செய்தது? கருத்துக் கேட்புக் கூட்டத்தில் பேசி ஏதாவது ஆகுமா?

கேள்வியின் முதல் பாதிக்கு யார் வேண்டுமானாலும் பதில் எழுதிவிடலாம். இரண்டாவது பாதிதான் சுருக்கென்று தைக்கிறது. “பேசி என்ன ஆகப்போகுது” என்று வட சென்னையில் ஒருவர் கேட்டால் அதற்குப் பின்னால் முப்பது வருஷக் கசப்பு இருக்கிறது. நீங்கள் முகத்துவாரத்தை ஒட்டிய குப்பம் ஒன்றில் இருப்பவர், வீட்டில் ஒருவராவது கடலிலோ ஹார்பரிலோ வேலை பார்த்தவர் என்று வைத்துக்கொண்டு எழுதுகிறேன். கருத்துக் கேட்புக் கூட்டம் என்பது பெரிய திட்டத்துக்குச் சுற்றுச்சூழல் அனுமதி கொடுக்கும் முன் ஊர்க்காரர்கள் கருத்தைக் கேட்கும் அரசுக் கூட்டம். அங்கே பேசினால் பயன் உண்டு. ஆனால் கையில் காகிதத்தோடு போய்ப் பேச வேண்டும். ஏன் என்பதற்கு முதல் பாதியைக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும்.

இந்தியா சந்தையைத் திறந்துவிட்ட 1991-ல்தான் உலகமயமாக்கல் வந்ததா என்று சண்டைக்கு வருபவர்கள் இருப்பார்கள். இல்லைதான். பெரம்பூர் பின்னி ஆலையே வெள்ளைக்காரர் முதலீடு. அங்கே 1918 ஏப்ரல் 27-ல் சென்னைத் தொழிலாளர் சங்கம் பிறந்தது. சங்கத் தலைவர்கள் வாடியாவும் திரு.வி.க.வும் பேசிய கூட்டங்களுக்கு ஆயிரக்கணக்கில் ஆள் திரண்டது. முதலாளி எந்த நாட்டுக்காரராக இருந்தாலும் ஆலை பெரம்பூரில் இருந்தது, நிர்வாகம் அந்த வாசலுக்கு உள்ளேயே இருந்தது. வாசலில் உட்கார்ந்தால் பதில் சொல்ல ஒரு ஆள் வந்தாக வேண்டும். அந்த ஆலை 1996-ல் மூடப்பட்டது.

ஹார்பரில் நடந்தது இதைவிட ஆழம். சரக்கு மூட்டையாகவும் பீப்பாயாகவும் வந்த காலத்தில் ராயபுரமும் காசிமேடும் தண்டையார்பேட்டையும் அந்த வேலையில்தான் சோறு தின்றன. 1948-ன் கப்பல்துறைத் தொழிலாளர் சட்டப்படி தொழிலாளர் வாரியம் வந்தது, பதிவு, வேலை முறை, சங்கம் எல்லாம் வந்தன. அப்புறம் கண்டெய்னர். 20 அடிப் பெட்டி ஒன்றில் 20 டன் சரக்கு என்று வைத்துக்கொள்ளுங்கள். 50 கிலோ மூட்டையாக இருந்தால் 400 முறை ஒரு முதுகு குனிய வேண்டிய லோடு. கரைக் கிரேன் அதை இரண்டு மூன்று நிமிடத்தில் இறக்கிவிடும். சென்னையில் கண்டெய்னருக்கென்று தனி முனையம் 1983-ல் திறந்தது, 2001-ல் அது தனியார் கைக்குப் போனது. பெரிய துறைமுகங்களில் 1948 சட்டம் பொருந்தாது என்று செய்ய 1997-லேயே வேறு சட்டம் வந்துவிட்டது. பெட்டியைப் பிரித்து அடுக்கும் வேலை மணலி, மாதவரம், திருவொற்றியூர் பக்கத்துச் சரக்குக் கிடங்குகளுக்கு நகர்ந்தது. அங்கே ஒரே வாசலுக்குள் லோடிங் ஒரு காண்ட்ராக்டர், செக்யூரிட்டி ஒரு காண்ட்ராக்டர், டிரெய்லர் இன்னொருவர். கூலி பாக்கி என்றால் யாரைக் கேட்பது? காண்ட்ராக்டர் கொடுக்காவிட்டால் அவரை வேலைக்கு வைத்த முதன்மை நிறுவனம் கொடுக்க வேண்டும் என்றுதான் சட்டம் சொல்கிறது. ஆனால் அதைக் கேட்டு வாங்கித் தரும் சங்கம் அந்த வாசலில் இல்லை. வேலை குறைந்ததோடு, ஒருவர் போய்க் கேட்கக்கூடிய இடமும் போய்விட்டது. அரசியல் பங்கேற்பு எங்கே போயிற்று என்றால் இங்கேதான் போயிற்று.

ஏற்றத்தாழ்வு எப்படி இறங்குகிறது என்பதற்கு நிலக்கரி போதும். சென்னைத் துறைமுகத்தில் நிலக்கரி, இரும்புத்தாது கையாண்டதால் ராயபுரம் பக்கம் துணி காயப்போட முடியாமல் தூசு. உயர் நீதிமன்ற உத்தரவால் 2011-ல் அது நின்றது, சரக்கு எண்ணூர் காமராசர் துறைமுகத்துக்குப் போனது. ராயபுரத்துக்கு நியாயம் கிடைத்தது, சந்தோஷம்தான். கரி மட்டும் எங்கும் போகவில்லை, அதே கரையில் வடக்கே நகர்ந்தது. கார் ஏற்றுமதியும் இப்படித்தான். செய்வது நகரத்துக்கு வெளியே இருங்காட்டுக்கோட்டையிலும் ஒரகடத்திலும். கப்பல் ஏறுவது இங்கே. சம்பளம் அங்கே, லாரியும் தூசும் இங்கே.

இனி கூட்டத்துக்கு வருகிறேன். காட்டுப்பள்ளித் துறைமுக விரிவாக்கம் உங்களுக்குத் தெரிந்திருக்கும்: 330 ஏக்கரிலிருந்து 6,111 ஏக்கர், ஆண்டுக்கு 24.65 மில்லியன் டன்னிலிருந்து 320 மில்லியன் டன். அதற்கான கருத்துக் கேட்பு 2021 ஜனவரி 22-க்கு அறிவிக்கப்பட்டு ஒத்திவைக்கப்பட்டது, 2023 செப்டம்பர் 5-க்கு அறிவிக்கப்பட்டு மறுபடியும் ஒத்திவைக்கப்பட்டது. ஆகவே இந்தக் கூட்டம் வெறும் சடங்கு என்று யாராவது சொன்னால் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். மீனவர் தொடங்கி விவசாயி வரை எதிர்ப்பு எழுந்த திட்டம் அது. கூட்டம் நடக்காமல் அனுமதிக் கோப்பு அடுத்த மேசைக்கு நகராது.

சட்டம் 2006 செப்டம்பர் 14-ல் வந்த சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கை. அதன் நான்காம் பிற்சேர்க்கையில் கூட்டத்தின் விதி முழுக்க இருக்கிறது. மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் ஒரு தேசிய நாளிதழிலும் ஒரு தமிழ் நாளிதழிலும் விளம்பரம் கொடுக்க வேண்டும், குறைந்தது 30 நாள் அவகாசம். ஆட்சியர் அல்லது கூடுதல் ஆட்சியர் நிலைக்குக் குறையாத அதிகாரி தலைமை. முழுக்க வீடியோ. இதில் பலருக்கும் தெரியாத ஒன்று: குறைந்தபட்சம் இத்தனை பேர் வர வேண்டும் என்ற கணக்கே கிடையாது. “நாம் வெளிநடப்பு செய்தால் கூட்டம் செல்லாது” என்று ஊர்க் கூட்டத்தில் சொல்பவரை நம்பாதீர்கள். பத்துப் பேர் உட்கார்ந்திருந்தாலும் கூட்டம் முடிந்ததாகவே கணக்கு. வெளிநடப்பு செய்தே தீர வேண்டுமானால் முதலில் எழுத்தில் கொடுத்துவிட்டு வெளியேறுங்கள்.

விளம்பரம் வந்த அன்றே திட்டத்தின் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிக்கையைக் கையில் வாங்குங்கள். ஆட்சியர் அலுவலகம், வாரியத்தின் மாவட்ட அலுவலகம், மாவட்டத் தொழில் மையம், உள்ளாட்சி அலுவலகம் ஆகியவற்றில் பிரதி இருக்க வேண்டும். நடைமுறையில் தமிழில் கிடைப்பது சுருக்கம் மட்டும், விஷயம் முழுக்க ஆங்கில அறிக்கையில் இருக்கும். ஐந்நூறு பக்கத்தைப் பார்த்து மலைக்க வேண்டாம். அத்தியாய வரிசை எல்லா அறிக்கையிலும் ஒன்றுதான். மூன்றில் இப்போதைய நிலை, நான்கில் பாதிப்பு, ஐந்தில் மாற்று இடங்கள், ஏழில் ஆபத்து ஆய்வு, பத்தில் மேலாண்மைத் திட்டமும் செலவும். கல்லூரிப் பிள்ளைகள் ஐந்து பேருக்கு ஆளுக்கு ஒரு அத்தியாயம் கொடுத்தால் ஒரு வாரத்தில் முடியும்.

மூன்றாம் அத்தியாயத்தில்தான் ஓட்டை கிடைக்கும். தண்ணீர், மண், மீன் மாதிரி எடுத்த இடங்கள் அட்சரேகை, தீர்க்கரேகையோடு அட்டவணையாக இருக்கும். அந்த எண்களைப் போனில் மேப்பில் போட்டுப் பாருங்கள். முகத்துவாரத்தில் எடுத்ததாகச் சொன்னது உண்மையில் எங்கே விழுகிறது, நீங்கள் இறால் பிடிக்கும் துறையில் ஒரு புள்ளியாவது இருக்கிறதா என்று தெரிந்துவிடும். அடுத்து எந்த மாதம் எடுத்தார்கள் என்று பாருங்கள். வழக்கமாக மழைக்காலம் தவிர்த்த ஒரு பருவம், மூன்று மாதம், அவ்வளவுதான். பூண்டி ஏரியின் உபரிநீர் கொசஸ்தலை ஆற்றில் இறங்கும் மாதங்கள் கணக்கிலேயே வராது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு மணலியிலிருந்து எண்ணெய் முகத்துவாரம் வரை வந்து வலையிலும் படகிலும் ஒட்டியதைக் கண்ணால் பார்த்த ஊர் நம்முடையது. வெள்ளம் வராத மூன்று மாதத்தைப் பார்த்துவிட்டு வெள்ளத்தைப் பற்றி முடிவு சொல்லும் அறிக்கையை அங்கேயே பிடிக்கலாம். மீன் பட்டியலையும் விடாதீர்கள். வெள்ளை இறால், பச்சை நண்டு, மடவை, கிழங்கான் எல்லாம் அதில் இருக்கிறதா, இல்லையா?

பேசும் முறைக்கு வருகிறேன், பெரும்பாலும் தோற்பது இங்கேதான். கூட்டத்தில் இருநூறு பேர் “வேண்டாம், வேண்டாம்” என்றால், அனுமதி தரலாமா என்று பரிந்துரைக்கும் டெல்லி நிபுணர் மதிப்பீட்டுக் குழுவின் முன் போகும் அட்டவணையில் அது ஒரே வரியாகச் சுருங்கும்: மக்கள் எதிர்ப்புத் தெரிவித்தனர், நிறுவனம் விளக்கமளித்தது. அந்த அட்டவணையில் கேள்வி ஒரு கட்டம், நிறுவனத்தின் பதில் ஒரு கட்டம். தனித்தனிக் கேள்விதான் தனித்தனி வரியாக நிற்கும். ஆகவே ஆட்களைப் பிரியுங்கள். ஒருவர் கடலை ஆழப்படுத்தி எடுக்கும் மண்ணை எங்கே கொட்டுவார்கள் என்று கேட்கட்டும். ஒருவர் கரை அரிப்பு, ஒருவர் ஒரு நாளைக்கு எத்தனை டிரெய்லர், எந்தச் சாலை. ஒருவர் வேலை: நிரந்தரம் எத்தனை, காண்ட்ராக்ட் எத்தனை, கட்டுமானம் முடிந்த பிறகு எத்தனை. எழுதும்போது இப்படி எழுதுங்கள்: “அறிக்கையின் 3-ஆம் அத்தியாயம், இந்தப் பக்கம், இந்த மாதிரி இடம். நாங்கள் மீன்பிடிக்கும் துறை அதிலிருந்து இவ்வளவு தூரம். எங்கள் குப்பத்தில் இத்தனை படகு. அங்கே ஏன் மாதிரி எடுக்கவில்லை?” ஆளுக்கு ஒரு பக்கம் போதும். இரண்டு பிரதி எடுத்து, கூட்டத்துக்கு முன்பே வாரிய அலுவலகத்தில் கொடுத்து, ஒன்றில் தேதியோடு முத்திரை வாங்கிவிடுங்கள்.

மேடையில் பேசுவது பெரும்பாலும் படகு வைத்திருப்பவர்கள், ஊர் நிர்வாகிகள். கூடையில் மீன் விற்கும் பெண்கள், வலை இழுக்கக் கூலிக்குப் போகிறவர்கள், கையால் தடவி இறால் பிடிக்கும் இருளர் குடும்பங்கள் பேசுவதில்லை. அவர்கள் தொழில் பெயர் பதிவில் இல்லையென்றால் நாளை நிவாரணப் பட்டியலிலும் இருக்காது. குப்பத்துக்குள் இருக்கும் ஏற்றத்தாழ்வை நாமே வளர்ப்பதாகிவிடும். அவர்களை முதல் பத்துப் பேருக்குள் பேசவையுங்கள்.

கடைசி வரை உட்காருங்கள். முடிவில் கூட்ட நடவடிக்கைச் சுருக்கத்தைத் தமிழில் வாசித்துக் காட்ட வேண்டும், அதன் பிறகுதான் ஆட்சியர் கையெழுத்து. சாப்பாட்டு நேரத்தில் கூட்டம் கலைந்துவிடுவதால் அந்த வாசிப்பைக் கேட்க ஆளே இருப்பதில்லை, விட்டுப்போனது விட்டுப்போனதுதான். உங்கள் கேள்வி வரவில்லையென்றால் அங்கேயே மைக்கில் சொல்லுங்கள், வீடியோவில் ஏறட்டும். பிறகு 10 ரூபாய் கட்டணத்தில் தகவல் உரிமைச் சட்டப்படி நடவடிக்கைக் குறிப்பும் வீடியோவும் கேளுங்கள், 30 நாளில் பதில் தர வேண்டும்.

இன்னொரு சிக்கல், கூட்டம் திட்டம் அமையும் மாவட்டத்தில் நடக்கும். காட்டுப்பள்ளி திருவள்ளூர் மாவட்டம், ஆற்றின் இந்தக் கரையில் எண்ணூர் சென்னை மாநகராட்சி. பாதிப்புக்கு எல்லைக்கோடு கிடையாது, வண்டிச் செலவு மட்டும் நமக்கு. வர முடியாதவர்கள் எழுத்தில் அனுப்பினாலும் அது பதிவுதான்.

“வளர்ச்சிக்கு எதிரி, கையில் போன் வைத்துக்கொண்டு துறைமுகம் வேண்டாம் என்கிறார்” என்று கீழே பின்னூட்டம் எழுதப்போகிறவர்களுக்கு: துறைமுகத்தால் வாழ்ந்த ஊர் இது, துறைமுகத்தை வெறுக்கவில்லை. விலை கொடுப்பவர் விலையைக் கேட்கிறார், அவ்வளவுதான்.

கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். 2016 அக்டோபரில் பதவிக்காலம் முடிந்த மாநகராட்சி மன்றத்துக்கு 2022 பிப்ரவரி 19-ல்தான் தேர்தல் நடந்தது. ஐந்து வருஷத்துக்கு மேல் கவுன்சிலரே இல்லை. அந்தத் தேர்தலில் சென்னையில் வாக்குப்பதிவு 44 சதவீதத்தைத் தொடவில்லை என்று எல்லாரும் மக்களைத் திட்டினார்கள். கதவைப் பூட்டி வைத்துவிட்டு ஏன் வரவில்லை என்று கேட்பது என்ன நியாயம்? வியாசர்பாடி, காசிமேடு என்று முகவரி எழுதிய விண்ணப்பத்தைப் பார்த்ததும் “அந்த ஏரியாவா” என்று முகம் மாறும் நேர்காணல்களும் நிற்கவில்லை. திரையில் ரவுடி என்றால் நம் தெரு, நம் பேச்சு. படித்துவிட்டு வேலை தேடும் பிள்ளைகளிடம்தான் அதற்கு விலை வாங்குகிறார்கள்.

திட்டத்துக்கு அனுமதி கிடைத்துவிட்டால் தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தில் மேல்முறையீட்டுக்கு 30 நாள், தக்க காரணம் காட்டினால் மேலும் 60 நாள். தென்மண்டல அமர்வு சென்னையிலேயே இருக்கிறது. முத்திரை வாங்கிய அந்தப் பிரதிதான் அங்கே உங்கள் முதல் ஆவணம். வழக்குக்குப் போகாவிட்டாலும் வேலை முடியவில்லை. அனுமதி வாங்கிய நிறுவனம் ஒவ்வொரு ஆண்டும் ஜூன் 1, டிசம்பர் 1 தேதிகளில் நிபந்தனைகளை நிறைவேற்றியதற்கான அரையாண்டு அறிக்கை கொடுக்க வேண்டும். கூட்டத்தில் சொன்ன வாக்குறுதிகளைப் பட்டியல் போட்டு அந்த அறிக்கையோடு ஒப்பிடுங்கள். பொருந்தாத இடத்தைத் தேதி விழும் புகைப்படத்தோடு சுற்றுச்சூழல் அமைச்சகத்தின் சென்னை மண்டல அலுவலகத்துக்குப் பதிவுத் தபாலில் அனுப்புங்கள், வாரியத்துக்கும் ஒரு பிரதி.