காணியை ஈடு வைக்கும் முன் மறுப்புக் கடிதத்தை வாசியுங்கள்

கேள்வி: மகளுக்கும் லண்டனில் வதியும் மருமகனுக்கும் தை மாதம் எழுத்து (திருமணப் பதிவு) முடிந்தது. அவர் மூன்று கிழமை நின்றுவிட்டுத் திரும்பினார். மகளின் துணைவர் விசா இப்போது மறுக்கப்பட்டுவிட்டது. உறவு உண்மையானது என்று நம்ப முடியவில்லையாம். ‘நீதித்துறை மீளாய்வு’ வழக்குப் போட்டால் மூன்று மாதத்தில் விசா கிடைக்கும் என்கிறார் கிளிநொச்சி முகவர் ஒருவர். அதற்கு விசுவமடுவில் உள்ள வயற்காணியை ஈடு வைக்கலாமா?

பதில்: வேண்டாம் ஐயா. முதலில் மறுப்புக் கடிதத்தின் கடைசிப் பகுதியை யாரையாவது கொண்டு வாசிப்பியுங்கள். பிரித்தானியத் துணைவர் விசா மறுக்கப்பட்டால் பெரும்பாலும் மேன்முறையீட்டு உரிமை உண்டு. அது அங்கேதான் எழுதப்பட்டிருக்கும். அந்த வழி திறந்திருக்கும்போது நீதித்துறை மீளாய்வுக்குப் போனால், ‘மேன்முறையீடு செய்யாமல் ஏன் இங்கே வந்தீர்கள்?’ என்று கேட்டே வழக்கை நடத்த அனுமதி மறுப்பார்கள். தோற்றால் எதிர்த்தரப்பின் செலவும் உங்கள் தலையில் விழலாம்.

முகவர் சொன்ன மூன்று மாதத்தை அவர் எங்கோ அரைகுறையாகக் கேட்டிருக்கிறார். அது மீளாய்வு கோருவதற்கான உச்சக் கெடு. விசா கிடைக்கும் காலம் அல்ல. வென்றாலும் நீதிமன்றம் விசா கொடுக்காது. முடிவு சட்டப்படி எடுக்கப்பட்டதா என்று மட்டும் பார்த்து, பிழை இருந்தால் அதை இரத்துச் செய்து மீண்டும் முடிவெடுக்கச் சொல்லும். அதே அதிகாரிகள் வேறு காரணம் காட்டி மறுபடியும் மறுக்கலாம். மேன்முறையீட்டுக்கு வழியே இல்லாத சுற்றுலா விசா மறுப்பு, மேன்முறையீட்டில் வென்ற பிறகும் மாதக்கணக்கில் விசா தராமல் இழுத்தடிப்பது போன்றவற்றுக்குத்தான் இந்த வழக்கு உரியது.

மேன்முறையீட்டில் நீதிபதி கேட்பது வேறு கேள்வி: இந்தத் திருமணம் உண்மையா? மறுப்புக்குப் பிறகு சேர்ந்த சான்றுகளையும் அவர் பார்க்கலாம். கட்டணம் விசாரணையுடன் 140 பவுண், ஆவணங்களை மட்டும் வைத்து முடிவெடுக்க 80 பவுண். அறுபது பவுண் மிச்சம் பிடிக்க வேண்டாம். உறவை நம்பவில்லை என்னும் வழக்கில் மருமகன் நேரில் நின்று பதில் சொல்வதற்கு ஈடில்லை. மகளின் பக்கத்தை எழுத்துமூல வாக்குமூலமாகக் கொடுங்கள். வெளிநாட்டிலிருந்து காணொளியில் சாட்சி சொல்வதற்கு அந்தந்த நாட்டின் சம்மதம் தேவைப்படும் சிக்கல் உண்டு.

அதிகாரியின் சந்தேகம் எங்கிருந்து வந்திருக்கும்? என் ஊகம் இது: எழுத்து முடிந்தும் தாலி கட்டும்வரை பெண் தாய்வீட்டில் இருப்பது நமக்குச் சாதாரணம். பிரித்தானிய அதிகாரியின் மேசையில் அது ‘மணம் முடித்தும் சேர்ந்து வாழவில்லை’ என்று தெரியும். இதை நீங்களும் சம்பந்தி வீட்டாரும் வாக்குமூலத்தில் விளக்கியே ஆக வேண்டும். வட்ஸ்அப் உரையாடலை ஆயிரம் பக்கம் அச்சிட வேண்டாம். மாதத்துக்கு நாலைந்து பக்கம் தெரிந்தெடுத்து, சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளரிடம் கொடுங்கள். சீட்டுக் காசு, அம்மாவின் முழங்கால் வலி, கோயிலடி மழை என்று பேசிய பக்கங்களே நல்லவை. காதல் வசனத்தை எவரும் எழுதலாம். பணம் அனுப்பிய பற்றுச்சீட்டுகள், விமானச் சீட்டு, கடவுச்சீட்டு முத்திரை ஆகியவற்றையும் சேருங்கள்.

வன்னிக் குடும்பங்களுக்கு இன்னொரு தொல்லை. 2009 இடப்பெயர்வில் தொலைந்த பிறப்புச் சான்றிதழைப் பிறகு எடுத்தபோது, தகப்பன் பெயரின் ஆங்கில எழுத்துக்கூட்டல் ஓரிடத்தில் ஒன்றாகவும் கடவுச்சீட்டில் வேறாகவும் விழுந்திருக்கும். அப்படி இருந்தால் இரண்டும் ஒருவரே என்று சமாதான நீதவான் முன் சத்தியக்கடதாசி முடித்து வையுங்கள்.

கனடாவில் இருக்கும் உறவினர் வேறு கணக்குச் சொல்வார். அங்கே மேன்முறையீடு செய்வது ஸ்பான்சர் (துணையை அழைப்பவர்), கெடு 30 நாள். அதை இங்கே பொருத்தாதீர்கள். ஆலோசகர் பிரித்தானியாவில் பதிவுபெற்றவரா, சட்டத்தரணியா என்பதையும் மருமகனே விசாரிக்கட்டும்.

மறுப்பு கிடைத்த திகதியை நீங்கள் எழுதவில்லை. இலங்கையிலிருந்து மேன்முறையீடு செய்ய அன்றிலிருந்து 28 நாள்தான். தாண்டியிருந்தால் காரணம் காட்டிக் காலநீடிப்புக் கேட்கலாம். ஆனால் முகவரை நம்பிக் காத்திருந்தோம் என்பதை நல்ல காரணமாக ஏற்பார்கள் என்று எண்ண வேண்டாம்.