எக்ஸ்கவேட்டரை பிரஷர் வாஷ் செய்தால் ரேடியேட்டர் கெட்டுவிடுமா?

தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில், சாட்ஸ்வொர்த் பகுதியில் பழைய எக்ஸ்கவேட்டர் ஒன்றை வாங்கியிருக்கும் தம்பியின் கேள்வி இது.

கெடுப்பது தண்ணீர் இல்லை, அடிக்கிற கோணம்தான். ரேடியேட்டரின் தகடுகள் மிக மெல்லியவை. 150 பார் அழுத்தத்தில் சாய்வாக அடித்தால் மடங்கிப்போய்க் காற்றுப் போகும் வழியை அடைத்துவிடும். எஞ்சின் நன்றாக ஆறிய பிறகு, அழுத்தத்தைக் குறைத்து, தள்ளி நின்று நேராக அடியுங்கள். ஆல்டர்னேட்டர், வயர் இணைப்புகள் பக்கம் போகவே வேண்டாம்.

எனக்கு அதைவிடப் பெரிய கவலை செயின் பக்கம்தான். அங்கே அப்பிய களிமண் காய்ந்தால் கல் மாதிரி இறுகி, செயினைத் தாங்கிச் சுற்றும் ரோலரைச் சுற்றவிடாது. சுற்றாத ரோலர் ஒரே பக்கமாகத் தேயும். மாற்றுவதற்கு ஆகும் செலவு கொஞ்சமில்லை. அதனால் வேலை முடிந்த அன்றே, மண் ஈரமாக இருக்கும்போதே, மண்வெட்டியால் வழித்துவிட்டு அப்புறம் கழுவுங்கள். கழுவியதும் மூட்டுகளை இணைக்கும் பின்களுக்கு (pin) மறுபடி கிரீஸ் அடிக்க வேண்டும். பழைய கிரீஸைத் தண்ணீர் வெளியே தள்ளியிருக்கும்.

ஒன்று கெஞ்சிக் கேட்கிறேன்: கழுவிய தண்ணீரைத் தெருவோர மழைநீர் வடிகாலில் விடாதீர்கள். அது சுத்திகரிப்புக்குப் போகாது. எண்ணெயோடு உம்லத்துசானா ஆற்றில் கலந்து, டர்பன் துறைமுகத்துக்கே போய்ச் சேரும். எண்ணெய் பிரிக்கும் தொட்டி உள்ள இடத்தில் கழுவுங்கள், கூடக் கொஞ்சம் காசு ஆனாலும் சரி.