ஜப்பானில் சுழலும் சுஷி ஓட்டலுக்கு மூன்று வயதுப் பிள்ளையோடும் சைவம் மட்டும் சாப்பிடும் பாட்டியோடும் போகலாமா?

தாராளமாகப் போகலாம். நாங்கள் டோக்கியோவில் நிஷி கசாய் பக்கம் இருக்கிறோம். மகளுக்கு ஆறு வயது, மகனுக்கு மூன்று. மதுரையிலிருந்து என் மாமியார் வந்திருந்தபோது (முட்டைகூடத் தொடமாட்டார்) எல்லாருமாகக் குரா சுஷி என்ற செயின் கடைக்குப் போனோம்.

சின்னப் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வெளியே சாப்பிடப் போவதில் எது கஷ்டம் என்று கேட்டால், காத்திருப்பதைத்தான் சொல்வேன். ஆர்டர் கொடுத்துவிட்டுச் சாப்பாடு வருவதற்குள் ஒன்று மேசைக்கு அடியில் போயிருக்கும், இன்னொன்று அழ ஆரம்பித்திருக்கும். இங்கே உட்கார்ந்ததுமே கண் முன்னால் ஒரு பெல்ட்டில் சுஷித் தட்டுகள் (சோற்றோடு மீன், முட்டை, காய் என்று ஏதாவது வைத்தது) வரிசையாக நகர்கின்றன, பிடித்ததை எடுத்து உடனே வாயில் போடலாம். விளையாட்டு, பொம்மை எல்லாம் அப்புறம்தான். காத்திருக்க வேண்டியதில்லை என்பதற்காகவே நான் இந்த ஓட்டலைச் சொல்வேன்.

1958இல் இன்று ஹிகாஷி ஒசாகா எனப்படும் ஊரில் ஷிராய்ஷி யோஷியாகி என்பவர் இப்படி ஒரு கடையை முதன்முதலில் திறந்தார். பரிமாற ஆள் போதாமல் தவித்தவருக்கு, பீர் தொழிற்சாலையில் பாட்டில்கள் பெல்ட்டில் போவதைப் பார்த்து இந்த யோசனை வந்தது. பெல்ட்டுக்கு அவர் வைத்த வேகம் நொடிக்கு 8 சென்டிமீட்டர் என்பார்கள். நிதானமான வேகம், அதனால் மூன்று வயதுப் பிள்ளையும் தட்டைத் தூரத்திலேயே பார்த்து வைத்துக்கொண்டு, கிட்டே வரும்வரை அதையே பார்த்துக்கொண்டிருக்கலாம். என் மகன் ஒவ்வொரு தட்டுக்கும் அதைத்தான் செய்தான்.

குராவில் பெல்ட்டில் வரும் சுஷித் தட்டுக்கு மேல் கண்ணாடி மாதிரி ஒரு பிளாஸ்டிக் மூடி இருக்கும். மூடியில் கை வைக்க வேண்டாம், தட்டின் ஓரத்தைப் பிடித்து லேசாகத் தூக்கினால் மூடி தானாகத் திறந்துவிடும். "ஏம்மா, இதை நாம எடுக்கலாமா, வேற யாரும் சொன்னதா?" என்று மாமியார் தயங்கினார். "எடுக்கலாம் அத்தை, சுத்திக்கிட்டு வர்றது எல்லாருக்கும் பொது" என்றேன். ஆனால் எடுத்த தட்டைத் திரும்ப வைக்கக்கூடாது, இதைப் பிள்ளைகளுக்கு வீட்டிலேயே சொல்லிக் கூட்டிப் போங்கள். 2023 தொடக்கத்தில் ஒரு கடையில் ஒரு பையன் சோயா சாஸ் பாட்டிலை நக்கிய வீடியோ நாடு முழுக்கப் பரவியது, அதன்பிறகு பல கடைகளில் தட்டுகளைச் சுற்றவிடுவதையே நிறுத்திவிட்டு, திரையில் கேட்டதை மட்டும் பெல்ட்டில் அனுப்புகிறார்கள். ஆகவே சுற்றும் தட்டுகளைப் பார்க்கத்தான் போகிறீர்கள் என்றால் கடையை விசாரித்துக்கொள்ளுங்கள்.

சாப்பிட்ட தட்டை மேசை ஓரத்தில் இருக்கும் துளையில் போட வேண்டும், அது தண்ணீரில் உள்ளே போய்விடும். ஐந்து தட்டு சேர்ந்தால் திரையில் ஒரு சின்ன விளையாட்டு ஓடும், ஜெயித்தால் மேலே இருக்கும் பெட்டியிலிருந்து உருண்டையான டப்பா ஒன்று விழும், உள்ளே பொம்மை. எல்லா முறையும் விழாது, அதையும் முன்னாலேயே சொல்லிவையுங்கள். மகள் அப்பத்தாவின் கையில் தட்டைக் கொடுத்து "நீங்க போடுங்க" என்றாள், ஐந்தாவது தட்டை அவர் போட்டுப் பொம்மை விழுந்தபோது பிள்ளைகளைவிட அதிகமாகக் கை தட்டியது அவர்தான்.

இனி சைவத்துக்கு வருகிறேன், இதைப் பூசி மெழுக எனக்கு மனசில்லை. மீன் தெரியவில்லை என்றால் சைவம் என்று நினைத்துவிடக் கூடாது. மிசோ சூப், உடோன் குழம்பு, முட்டைச் சுஷி, இனிப்பு டோஃபு உறைக்குள் சோறு வைத்த இனாரி, எல்லாவற்றிலும் பொதுவாக தாஷி சேரும், அது பெரும்பாலும் உலர்ந்த கட்சுவோ மீனில் எடுக்கும் சாறு. பெரியவர்களிடம் அதை மறைத்து ஊட்டுவது தப்பு. உருளைக்கிழங்கு வறுவலும் இறால் பொரித்த எண்ணெயில் பொரித்ததாக இருக்கலாம். நாங்கள் மாமியாருக்கு வாங்கியது வெள்ளரிக்காய் வைத்துச் சுருட்டிய கப்பா மாக்கி, எடமாமே என்கிற பச்சை சோயாக்காய், பழம். எடமாமேவை மொச்சைக்காய் உரிப்பதுபோல உரித்து பேரனுக்கும் ஊட்டிக்கொண்டே சாப்பிட்டார். வயிறு நிறைகிற சாப்பாடு அல்ல, வீட்டில் தயிர்சாதம் பிசைந்து வைத்துவிட்டுக் கிளம்புங்கள்.

மூன்று வயதுக்குப் பச்சை மீன் நாங்கள் கொடுப்பதில்லை. வெந்த இறால், முட்டை, சோளம் மயோனைஸ் என்று அவனுக்கு நிறையவே இருக்கிறது. மூக்கில் ஏறும் காரமான பச்சை விழுதான வசாபியைப் பற்றிப் பயம் வேண்டாம், பெரிய செயின் கடைகளில் அதைச் சுஷிக்குள் வைக்காமல் தனியாகத்தான் தருகிறார்கள்.

பயப்பட வேண்டியது வேறு ஒன்றுக்கு. பல கடைகளில் ஒவ்வொரு மேசையிலும் கிரீன் டீக்காக ஒரு வெந்நீர்க் குழாய் உண்டு, கோப்பையை வைத்து அழுத்தினால் கொதிக்கக் கொதிக்கத் தண்ணீர் கொட்டும். குழாய் பெல்ட்டின் பக்கம்தான் இருக்கும், பிள்ளைகள் உட்கார ஆசைப்படுவதும் அங்கேதான். தட்டு எடுக்க வசதி என்று அவர்களை அங்கே உட்காரவைத்துவிடாமல், குழாயை ஒட்டிப் பெரியவர் ஒருவர் உட்காருங்கள், பிள்ளை அடுத்து உட்காரட்டும். எட்டாத தட்டை எடுத்துக் கொடுத்தால் போச்சு.

முன்பு பெரும்பாலான தட்டுகள் 100 யென் என்று இருந்தன, 2022இல் பெரிய கடைகள் விலையை ஏற்றிவிட்டன, ஆனாலும் குடும்பத்தோடு சாப்பிட இது இன்னும் மலிவுதான். திரையில் ஆங்கிலம் இருக்கிறது. சனி, ஞாயிறு மதியம் மட்டும் முன்பதிவு இல்லாமல் போகாதீர்கள், வாசலில் கூட்டம் நிற்கும், உள்ளே இல்லாத காத்திருப்பு முழுக்க வெளியே வந்துவிடும். நாங்கள் வாரநாளில், கடை திறக்கிற நேரத்துக்கே போய்விடுகிறோம்.