வகுக்கும் முன் விகிதத்தைக் கேளுங்கள்: கியூபா கேள்வி பதில்

கியூபப் பொருளாதாரம் பற்றி என்ன வேண்டுமானாலும் கேளுங்கள் என்று சொல்லிவிட்டேன், கேள்விகளும் குவிந்துவிட்டன. முதலில் ஒரு எச்சரிக்கை. கியூப நாணயமான பெசோவில் ஒரு தொகையைப் பார்த்தால், டாலருக்கு மாற்றும் முன் 'எந்த ஆண்டு, எந்த விகிதம்?' என்று கேட்டுக்கொள்ளுங்கள். இதைத் திரும்பத் திரும்பச் சொல்வேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

கத்துக்குட்டி: அங்கே ரேஷன் இன்னும் இருக்கிறதா?

இருக்கிறது. 1962-இல் வந்தது. 'லிப்ரேத்தா' என்று ஒரு சின்ன நோட்டு, கடைக்குப் பெயர் போதேகா. ஆளுக்கு மாதம் ஏழு பவுண்டு அரிசி, கொஞ்சம் சர்க்கரை, தினம் ஒரு ரொட்டி என்று அளவு உண்டு. நோட்டில் எழுதியிருப்பது கடைக்கு வந்து சேர வேண்டுமே, அங்கேதான் சிக்கல். 2024 பிப்ரவரியில் ஏழு வயதுக்குட்பட்ட குழந்தைகளின் பால் பவுடருக்காக ஐ.நா.வின் உலக உணவுத் திட்டத்திடம் அரசே உதவி கேட்டது. அதே ஆண்டு செப்டம்பரில் ரொட்டியின் எடை 80 கிராமிலிருந்து 60 ஆனது.

டாலர்தாசன்: மாதச் சம்பளமே 20, 30 டாலர்தான் என்கிறார்களே?

எந்த விகிதத்தில்? பாருங்கள், இரண்டாவது ஆளே மாட்டிக்கொண்டார். ஆனால் நல்ல கேள்வி, கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

1993-இல் மக்கள் டாலர் வைத்திருக்க அனுமதித்தார்கள். அடுத்த ஆண்டு டாலருக்குச் சமமாக 'சியூசி' என்று இன்னொரு பெசோவை இறக்கினார்கள். சாதாரண ஆள் ஒரு சியூசி வாங்க 25 பழைய பெசோ கொடுக்க வேண்டும். அரசு நிறுவனங்களின் கணக்கில் மட்டும் ஒரு பெசோவும் ஒரு டாலரும் சமம்! ஒரு சர்க்கரை ஆலை 100 டாலருக்கு ஏற்றுமதி செய்தால் வரவு 100 பெசோ. இன்னொரு நிறுவனம் 100 டாலருக்கு அரிசி இறக்குமதி செய்தால் செலவும் 100 பெசோதான். டாலர் சம்பாதிப்பவன் நஷ்டக் கணக்கு காட்ட, டாலரைச் செலவழிப்பவன் சிக்கனக்காரன் ஆனான். வயலில் விளைவிப்பதைவிடக் கப்பலில் வருவது மலிவு என்று கணக்குப் புத்தகமே சொன்னால், எந்த அதிகாரி விவசாயி பக்கம் திரும்புவார்? இது இருபது வருடத்துக்கு மேல் நடந்தது.

2021 ஜனவரி 1 அன்று இதை ஒழித்தார்கள். ஒரே பெசோ, டாலருக்கு 24 என்று விகிதம், குறைந்தபட்சச் சம்பளம் 2,100. அதாவது 87 டாலர். கேட்க நன்றாகத்தான் இருந்தது. ஆனால் கொரோனாவால் சுற்றுலா படுத்துக் கிடந்த நேரம். கையில் பெசோ, கடையில் சரக்கு இல்லை. 2024-இல் தெருவில், அதாவது கள்ளச்சந்தையில், டாலர் 300 பெசோவைத் தாண்டியபோது அந்த 2,100 ஏழு டாலர் ஆகிவிட்டது. எப்படி வாழ்கிறார்கள் என்றால், அமெரிக்காவின் மயாமியில் உறவினர் இருந்தால் அவர் அனுப்பும் பணம், இல்லாவிட்டால் 'ரெசோல்வெர்'. எப்படியாவது சமாளிப்பது என்று அர்த்தம். வேலை செய்யும் இடத்திலிருந்து எண்ணெயோ சிமெண்டோ வீட்டுக்கு வருவதும் அதில் அடக்கம்.

சீனி: கரும்புத் தீவில் சர்க்கரைக்கே தட்டுப்பாடா?

1970-இல் ஒரு கோடி டன் என்று இலக்கு வைத்து, மற்ற வேலைகளைப் போட்டுவிட்டு நாடே கரும்பு வெட்டப் போனது. கிடைத்தது 85 லட்சம் டன். சோவியத் யூனியன் சந்தை விலைக்கு மேல் கொடுத்து வாங்கிய வரை ஓடியது. 2002-இல் 156 ஆலைகளில் பாதியளவு மூடப்பட்டன. 2023 அறுவடை வெறும் மூன்றரை லட்சம் டன்.

தரிசாய்ப் போன கரும்பு நிலத்தை 'மராபு' என்ற முள்மரம் பிடித்துக்கொண்டது. அது வேறொன்றும் இல்லை, நம் ஊர் விடத்தேர்தான். அங்கே போய் நம் சீமைக்கருவேலம் போல ஆட்டம் போடுகிறது. அதையும் வெட்டி மூட்டம் போட்டு ஐரோப்பாவுக்குக் கரியாக ஏற்றுமதி செய்கிறார்கள். எனக்கு மிகவும் பிடித்த கியூபச் செய்தி இதுதான்.

செம்பருத்தி: எல்லாவற்றுக்கும் அமெரிக்காவின் வணிகத் தடைதானே காரணம்?
மேலக்காற்று: தடை வெறும் சாக்கு. அமெரிக்கக் கோழிக்கறியே அங்கே விற்கிறதே!

செம்பருத்தி, 1968-இல் பலகாரக் கடை உட்பட ஐம்பதாயிரத்துக்கு மேற்பட்ட சிறுதொழில்களை அரசு எடுத்துக்கொண்டதை வாஷிங்டன் சொல்லியா செய்தார்கள்? விவசாயிக்குக் கொள்முதல் பணத்தை இழுத்தடிப்பதும், வயலுக்குக் காசில்லாதபோது ஹவானாவில் 42 மாடி ஓட்டல் கட்டுவதும் தடையின் வேலை இல்லை. சுற்றுலாப் பயணிகளோ 2018-இல் 47 லட்சம், 2024-இல் 22 லட்சம்.

மேலக்காற்று, கோழி வருவது உண்மை. 2000-இல் வந்த அமெரிக்கச் சட்டப்படி முழுப் பணத்தையும் முன்கூட்டியே கட்ட வேண்டும், அமெரிக்கக் கடன் கிடையாது. கியூபாவுக்கு வணிகத்துக்காகப் போன கப்பல் 180 நாள் அமெரிக்கத் துறைமுகத்தில் சரக்கு ஏற்றி இறக்கக் கூடாது என்று 1992 சட்டம். இதைச் சாக்கு என்று சொல்ல மனசாட்சி இடம் தராது.

செம்பருத்தி: தடை இல்லையென்றால் 1992-இல் இந்தியாவிலிருந்து உதவியாகக் கோதுமை ஏன் போனது?
மேலக்காற்று: சோசலிசம் தோற்றதால்!

இரண்டு பேருக்கும் ஒரே பதில். 1985-இலும் இதே தடை, இதே சோசலிசம். அப்போது யாரும் கோதுமை அனுப்பவில்லை. நடுவில் போனது சோவியத் எண்ணெயும் சோவியத் விலையும். மூன்று, நான்கு வருடத்தில் பொருளாதாரம் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் சுருங்கியது. அப்புறம் வெனிசுவேலா வந்து அந்த இடத்தில் உட்கார்ந்தது. முட்டுக்கொடுத்தவர் எழுந்து போனதும் தடையும் வலிக்கிறது, சொந்தத் தவறும் வலிக்கிறது. நீங்கள் இருவரும் மேலே பேச வேண்டுமானால் தனியாகப் பேசிக்கொள்ளுங்கள், வரிசையில் ஆள் நிற்கிறது.

ஸ்டெத்: டாக்டர்களை ஏற்றுமதி செய்வது லாபமா?

அரசுக்கு லாபம். நாட்டின் பெரிய அந்நியச் செலாவணி வரவுகளில் அது ஒன்று. 2000-இல் தொடங்கிய ஏற்பாட்டின்படி வெனிசுவேலா எண்ணெய் தந்தது, இவர்கள் டாக்டர்களைத் தந்தார்கள். பிரேசிலில் வேலை பார்த்தவர்களுக்குச் சம்பளத்தில் சுமார் கால் பங்குதான் கையில் வந்தது, மீதி ஹவானாவுக்கு.

யாழ்க்காற்று: இலங்கையும் சோசலிசக் குடியரசுதானே?

பெயரில். அதற்கு வேறு ஆளைப் பிடியுங்கள்.

ஊர்சுற்றி: ஹவானாவில் எங்கே தங்கலாம்?

பயண ஏற்பாடு என் துறை இல்லை.

புதியவன்: அங்கே சராசரி சம்பளம் எத்தனை டாலர்?

மேலே படியுங்கள்.

கணக்கன்: 2024-இல் முப்பது முட்டை 3,000 பெசோ என்று படித்தேன். 125 டாலரா!

24-ஆல் வகுத்திருக்கிறீர்கள். தெரு விகிதத்தில் பத்து டாலருக்கும் குறைவு. ஆனால் இதற்கு டாலரே வேண்டாம். குறைந்தபட்சச் சம்பளம் 2,100 பெசோ என்றேன் அல்லவா? மாதச் சம்பளம் முழுவதையும் கொடுத்தாலும் இருபத்தோரு முட்டைதான்.