கார் கேள்வி–பதில்: பானட்டுக்குள் ஏன் இவ்வளவு அனல்?

என்னுடையது 1.0 லிட்டர் டர்போ பெட்ரோல் கார்; 52,000 கி.மீ. ஓடியிருக்கிறது. டிராஃபிக்கில் நின்றால் பானட்டில் கை வைக்க முடியவில்லை, ஏ.சி. குளிர் குறைகிறது, சிக்னலில் இருந்து கிளம்பும்போது இழுவை மந்தம். டெம்பரேச்சர் முள் மட்டும் நடுவிலேயே நிற்கிறது. சைலன்சர் குழாய்க்குச் சூடு வெளியே வராமல் தடுக்கும் வெப்பத்துணி சுற்றி, பானட்டின் பின்பக்கத்தை வாஷர் வைத்துத் தூக்கினால் சரியாகும் என்கிறார்கள். செய்யலாமா? — வாசகர், சேலம்

இரண்டுமே இப்போது வேண்டாம். காசு செலவழிக்கும் முன் அளந்து பாருங்கள்.

அந்த முள், எஞ்சினை ஆற்றும் திரவமான கூலன்ட்டின் சூட்டை மட்டும்தான் காட்டும். அதுவும் பல கார்களில் சூடு சற்று ஏறி இறங்கினாலும் நடுவிலேயே நிற்கும்படிதான் அமைத்திருப்பார்கள். காரின் கணினித் தகவலைக் காட்டும் சாதாரண ஓ.பி.டி. ஸ்கேனரைச் செருகி, எஞ்சினுக்குள் போகும் காற்றின் வெப்பநிலையைப் பாருங்கள். ஊர்ந்து போகும்போது அது வெளிவெப்பத்தைவிட 30 டிகிரி கூடுதலாக இருந்தால் பயப்பட வேண்டாம். நெடுஞ்சாலையில் 80 கி.மீ. வேகத்தில் ஐந்து நிமிடம் ஓட்டிய பிறகும் இறங்காவிட்டால் எங்கோ காற்று அடைபட்டிருக்கிறது என்று பொருள். காற்று 10 டிகிரி சூடானால் அதன் அடர்த்தி ஏறத்தாழ 3 சதவீதம் குறையும். 'நாக்கிங்' (எரிபொருள் நேரம் தவறி வெடித்துத் தட்டுவது) வராமலிருக்க, எஞ்சினை இயக்கும் கணினியான ஈ.சி.யு. தீப்பொறியையும் தாமதப்படுத்தும். உங்கள் 'மந்தம்' அங்கிருந்துதான் வருகிறது.

ஏ.சி.யும் சேர்ந்து பலவீனமாவதால் என் சந்தேகம் காரின் முன்பக்கத்தின் மேல்தான். முதலில் ரேடியேட்டர் ஃபேன். ஏ.சி.யைப் போட்டு ஐடிலில் விட்டால் அது சுற்ற வேண்டும். சூடு ஏறியதும் அடுத்த வேகத்துக்கு மாற வேண்டும். ரிலேயோ ரெசிஸ்டரோ போய்விட்டால் ஒரே வேகத்தில் ஓடிக்கொண்டிருக்கும். 'ஃபேன் ஓடுகிறதே' என்று விட்டுவிடுவோம்.

அடுத்து, ஏ.சி. வாயுவை ஆற்றும் கண்டென்சருக்கும் கூலன்ட்டை ஆற்றும் ரேடியேட்டருக்கும் நடுவில் உள்ள சந்து. முன்னால் நின்று பார்த்தால் கண்டென்சர் பளிச்சென்று இருக்கும். பின்னால் பூச்சி, பஞ்சு, புழுதி எல்லாம் மெத்தைபோலப் படிந்திருக்கும். எஞ்சின் நன்றாக ஆறிய பிறகு, ஏ.சி. குழாய்களைக் கழற்றாமல் கண்டென்சரின் மேல் பிராக்கெட்டை மட்டும் தளர்த்திச் சற்றே சாய்த்து, ஃபேன் பக்கத்திலிருந்து முன்னோக்கிச் சாதாரண ஹோஸ் தண்ணீர் பாய்ச்சுங்கள். வாட்டர் சர்வீஸ் பிரஷர் துப்பாக்கி கூடாது. மெல்லிய தகடுகள் மடங்கி, இருந்த வழியும் அடைபடும்.

மூன்றாவதைப் பெரும்பாலும் யாரும் பார்ப்பதில்லை. ரேடியேட்டரின் இரு பக்கமும் ரப்பர் அல்லது ஃபோம் தடுப்புகள் இருக்கும். பம்பர் வேலை நடந்தபோது அவை தொலைந்திருந்தால், கார் நிற்கும்போது ஃபேன் தள்ளிய சூடான காற்று பக்கவாட்டில் சுற்றி மறுபடியும் முன்னால் வரும். ஃபேன் அதையே திரும்ப இழுக்கும். அடியில் இருக்கும் அண்டர் கவரும் அப்படித்தான். ஆயில் மாற்றும்போது கழற்றி, கிளிப் உடைந்ததென்று அப்படியே விட்டுவிடுகிறார்கள். 'திறந்திருந்தால் காற்றாடும்' என்பது தவறான கணக்கு. காற்று எந்த வழியாக வெளியேற வேண்டும் என்று கணக்கிட்டே அது வடிவமைக்கப்பட்டிருக்கிறது. தடுப்பும் கவரும் இருக்கிறதா என்று குனிந்து பாருங்கள்.

வாஷர் விஷயம்: நிற்கும்போது கொஞ்சம் சூடு மேலே கிளம்பும், மறுக்கவில்லை. ஆனால் வண்டி வேகமெடுத்ததும் கண்ணாடியின் அடிப்பகுதியில் காற்றழுத்தம் கூடும். அங்கே திறப்பு வைத்தால் காற்று வெளியேறுவதற்குப் பதிலாக உள்ளே நுழையும். கேபினுக்குக் காற்று எடுக்கும் வாயும் அங்கேதான் என்பதால் எஞ்சின் வாடையும் கூடவே வரும். துணி சுற்றுவதற்கு முன் எதைச் சுற்றப்போகிறோம் என்று பாருங்கள். பல 1.0 லிட்டர் எஞ்சின்களில் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டு (சிலிண்டர்களின் புகையைச் சேர்க்கும் குழாய்) சிலிண்டர் ஹெட்டுக்குள்ளேயே இருக்கிறது. டர்போவுக்கு அடுத்தது, புகையின் நச்சைக் குறைக்கும் கேட்டலிடிக் கன்வர்ட்டர். அதைச் சுற்றி மூடினால் உள்ளே இருக்கும் கல் அளவுக்கு மீறிச் சூடாகிக் கெட்டுப்போகும்.

2012 மாடல் டீசல் கார். டர்போ மாற்றியாயிற்று. பக்கத்தில் போகும் வயர்களின் உறை கருகிப் பொடிகிறது. டர்போவை மூடும் வெப்ப உறையான டர்போ பிளாங்கெட் போடலாமா? — வாசகர், கோவை

போடலாம், ஆனால் முதலில் புகைக் கசிவைப் பாருங்கள். மேனிஃபோல்டும் டர்போவும் சேரும் இடத்தில் கரிப்படலம் இருக்கிறதா? காலையில் ஸ்டார்ட் செய்ததும் 'டிக் டிக்' சத்தம் வந்து, சூடானதும் மறைகிறதா? அப்படியானால் கேஸ்கெட் வழியாக அனல் பீறிடுகிறது, பிளாங்கெட்டால் பயனில்லை. கேஸ்கெட்டையும் நட்டுகளையும் புதிதாகப் போடுங்கள். பழைய நட்டு சூட்டில் தளரும்.

பிளாங்கெட், புகை போகும் டர்பைன் பக்கத்து இரும்புக் கூட்டை மட்டும்தான் மூட வேண்டும். நடுவில் பேரிங் இருக்கும் பகுதியையும் காற்றுப் பக்கத்து அலுமினியக் கூட்டையும் மூடக் கூடாது; அவை ஆற வேண்டியவை. டர்போ அழுத்தத்தைக் கட்டுப்படுத்தும் ஆக்சுவேட்டர் கம்பி எதிலும் உரசாமல் முழுதாக அசைகிறதா என்று கையால் ஆட்டிப் பாருங்கள்.

வார்ப்பிரும்பு மேனிஃபோல்டைத் துணியால் சுற்ற வேண்டாம், விரிசல் விடும். அதற்குக் கீழ்வரும் குழாய்க்கு 50 மி.மீ. அகல பசால்ட் துணி போதும். 2 அங்குலக் குழாய் என்றால் 1 மீட்டருக்கு 4 மீட்டர் துணி வாங்குங்கள். கீழிருந்து மேலாக, ஒவ்வொரு சுற்றும் முந்தையதை 6 மி.மீ. மூடும்படி ஓடு வேய்வதுபோலச் சுற்றினால் தண்ணீர் உள்ளே இறங்காது. ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் டையால் இரு முனையிலும், நடுவில் 20 செ.மீ.க்கு ஒன்றாகவும் கட்டுங்கள். கையுறையும் முகக்கவசமும் அவசியம். இழை தோலில் ஏறினால் இரவெல்லாம் அரிக்கும். முதல் சில ஓட்டத்தில் புகையும், அது இயல்பு. வால்வ் கவரில் ஆயில் கசிந்தால் அதைச் சரிசெய்யாமல் துணி சுற்றவே கூடாது. ஆயில் ஊறிய துணி தீப்பிடிக்கும்.

வயருக்குக் கறுப்பு பிளாஸ்டிக் குழாய் உதவாது, உருகிவிடும். கண்ணாடி இழை உறை போட்டு, டர்போவுக்கும் வயருக்கும் நடுவே ஒரு தகடு வையுங்கள். தகடு எதையும் தொடாமல் இரு பக்கமும் குறைந்தது 10 மி.மீ. இடைவெளி வேண்டும். வெப்பம் தடுக்க ஒட்டும் பொன்னிற டேப் கதிர்வீச்சு வெப்பத்தை மட்டுமே திருப்பும். சுற்றிலும் காற்றே கொதித்தால் அதனால் ஆவது ஒன்றுமில்லை.

சூடு குறைய தெர்மோஸ்டாட்டைக் கழற்றிவிடலாமா? — வாசகர், மதுரை

கூடாது. கூலன்ட் சூடானதும் ரேடியேட்டருக்கு வழிவிடும் வால்வுதான் தெர்மோஸ்டாட். பைபாஸ் (ரேடியேட்டரைத் தொடாத சுற்றுவழி) உள்ள எஞ்சின்களில், அதைக் கழற்றினால் கூலன்ட்டில் ஒரு பகுதி ரேடியேட்டருக்கே போகாமல் சுற்றும். நெரிசலில் சூடு கூடவே செய்யும். கூலன்ட்டும் தண்ணீரும் பாதிக்குப் பாதி, ரேடியேட்டருக்கு அழுத்தம் தாங்கும் நல்ல மூடி. அது போதும்.

பி.எஸ். 6 டீசல் கார். சில நாட்கள் வண்டியை அணைத்த பிறகும் ஃபேன் வேகமாக ஓடுகிறது, அடியில் கருகல் வாடை. பழுதா? — வாசகர், திருநெல்வேலி

பழுதில்லை. சைலன்சர் வழியில் இருக்கும் டி.பி.எஃப். வடிகட்டியில் சேர்ந்த கரியை எஞ்சின் சுமார் 600 டிகிரியில் எரிக்கிறது. நடுவில் அணைத்துவிட்டால் ஃபேன் ஓடி ஆற்றும். முடிந்தால் பத்துப் பதினைந்து நிமிடம் சீரான வேகத்தில் ஓட்டி முடித்துவிடுங்கள். அடிக்கடி பாதியில் நின்றால், எரிக்கப் பீய்ச்சிய டீசல் ஆயிலோடு கலந்து அளவு ஏறும். டிப்ஸ்டிக்கில் மேல்கோட்டைத் தாண்டியிருந்தால் ஆயிலை மாற்றுங்கள். அந்த வாடை வரும் நாளில் காய்ந்த புல்லின் மேலோ, களத்து வைக்கோலின் மேலோ வண்டியை நிறுத்தாதீர்கள்.