தீராத நோயாளிக்குக் கருணைக்கொலையைக் கோரும் உரிமை உண்டா?

குணமாகாத நோயில் வாடுபவர் தம் உயிரை முடித்துவைக்கும்படி கேட்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். செயற்கைச் சுவாசக் கருவி போன்ற சிகிச்சையை மறுப்பதும், உயிரை முடிக்கும் மருந்தைக் கோருவதும் ஒன்றல்ல. முன்னதைப் பல நாடுகள் ஏற்கின்றன, சர்ச்சையெல்லாம் பின்னதைப் பற்றித்தான்.

நெதர்லாந்தில் 2002 முதல் நடைமுறையில் உள்ள சட்டத்தின்படி, நோயாளி சுயவிருப்பத்துடன் நன்கு சிந்தித்தே கேட்கிறார் என்பதிலும், அவருடைய வேதனை தாங்க முடியாதது, தணிய வழியற்றது என்பதிலும் மருத்துவர் உறுதிகொள்ள வேண்டும். தொடர்பில்லாத இன்னொரு மருத்துவரையும் கலந்தாலோசிக்க வேண்டும். அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்தில் 1997 முதல் உள்ள ஏற்பாடு வேறு: ஆறு மாதத்துக்குள் இறப்பு நேரும் என்று கணிக்கப்பட்டவருக்கு மருத்துவர் மருந்தை எழுதித் தரலாம், ஆனால் அதை நோயாளியே உட்கொள்ள வேண்டும். அங்கே மருந்துச் சீட்டைப் பெற்றவர்களில் கணிசமானோர் அந்த மருந்தை உட்கொள்ளாமலேயே இறக்கிறார்கள் என்பதும், வலியைவிடத் தம் வாழ்வைத் தாமே தீர்மானிக்கும் நிலை கைவிட்டுப் போவதையே அதிகம் பேர் காரணமாகச் சொல்கிறார்கள் என்பதும் எனக்கு முக்கியமாகப் படுகின்றன.

பிறருக்குச் சுமையாகிவிட்டோம் என்ற குற்ற உணர்விலிருந்து எழும் கோரிக்கையைச் சுயவிருப்பம் என்று கொள்ள முடியுமா என்ற எதிர்த்தரப்பின் கேள்வி வலுவானது. வலிதணிப்புச் சிகிச்சை கிடைக்காத இடத்தில் இந்த உரிமையை மட்டும் வழங்குவதை நான் ஏற்கமாட்டேன். அது கிடைத்தும் வேதனை தீராதவருக்கு, மேற்சொன்ன காப்புகளுடன் கேட்கும்போதும், மறுப்பது நியாயமில்லை என்பதே என் கருத்து.